'டிரிகர் கிட்' ஆன்லைனில் வாங்கி மாட்டலாமா? ஸ்கோர் ஏறுமா, கேஸ் ஏறுமா?

அமெரிக்காவில் யாரோ ஒருவர் தன் வீட்டு ஷெட்டில் உட்கார்ந்து பிஸ்டலைப் பிரிக்கிறார். பழைய டிரிகரைக் கழற்றி ஓரமாக வைக்கிறார். கவரைப் பிரித்து பளபளவென்று ஒரு புது டிரிகரை எடுத்து மாட்டுகிறார். பத்தே நிமிட வீடியோ. கடைசியில் நாலு ரவுண்டு சுட்டுக் காட்டி, எவ்வளவு ஸ்மூத் பாருங்கள் என்று சிரிக்கிறார்.

இந்த வீடியோ மதுரையில் இருக்கிற ஒரு கல்லூரி மாணவரின் மொபைலுக்கும் வருகிறது. அவர் இப்போதுதான் ஏர் பிஸ்டல் பயிற்சிக்குப் போக ஆரம்பித்தவர் என்று வைத்துக்கொள்வோம். ஸ்கோர் ஒரு இடத்தில் நின்றுபோய் ஏற மாட்டேன் என்கிறது. உடனே வரும் சந்தேகம்: நம்ம பிஸ்டலுக்கும் இப்படி ஒன்று வாங்கி மாட்டினால் என்ன?

கையில் இருப்பது லைசென்ஸ் தேவைப்படும் பிஸ்டலா, விளையாட்டுக்கான ஏர் பிஸ்டலா என்பதைப் பொறுத்து இதற்குப் பதில் தலைகீழாக மாறும். முதல் வகை என்றால் ஸ்க்ரூ டிரைவரைக்கூட எடுக்கக் கூடாது. இரண்டாவது வகை என்றால், தேடுகிற 'அப்கிரேடு' பெரும்பாலும் அந்த பிஸ்டலுக்குள்ளேயே இருக்கிறது.

பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024 ஜூலை 28 அன்று மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வென்றார். இரண்டு நாள் கழித்து சரப்ஜோத் சிங்குடன் கலப்பு அணிப் பிரிவில் இன்னொரு வெண்கலம். அதற்குப் பிறகு துப்பாக்கி சுடுதல் என்பது ராணுவ வீட்டுப் பிள்ளைகளுக்கும் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கும் மட்டும் என்ற நினைப்பு கொஞ்சம் உடைந்திருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு வழிகாட்ட வீட்டில் ஆள் கிடையாது. மொபைல்தான் வாத்தியார். அந்த வாத்தியார் பேசுவது அமெரிக்கச் சட்டத்தையும் அமெரிக்கத் துப்பாக்கியையும் பற்றி. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

டிரிகர்னா வெறும் விசை இல்லை

விரல் படும் வளைந்த துண்டைத்தான் நாம் டிரிகர் என்கிறோம். உண்மையில் அது ஒரு சங்கிலியின் முதல் கண்ணி. உள்ளே ஒரு சிறிய கொக்கி, சுருள் ஸ்பிரிங்கின் முழு அழுத்தத்தையும் பிடித்து நிறுத்தி வைத்திருக்கும். டிரிகரை இழுத்தால் அந்தக் கொக்கி நழுவும், சுத்தியல் பாயும். கொக்கியும் அது பிடித்திருக்கும் பல்லும் ஒன்றையொன்று தொடும் பரப்பு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்த மெல்லிய விளிம்பில்தான் எல்லாப் பாதுகாப்பும் நிற்கிறது.

நல்ல போட்டி பிஸ்டலில் டிரிகர் இரண்டு கட்டமாக வேலை செய்யும். முதல் கட்டத்தில் லேசாகப் பின்னால் வரும், பிறகு ஒரு இடத்தில் 'சுவர்' தட்டும். அந்தச் சுவரைத் தொட்டதும் விரல் நின்று, குறியைச் சரிபார்த்து, இன்னும் கொஞ்சம் அழுத்தினால் வெடிக்கும். சுவருக்கு அப்புறம் டிரிகர் இழுபட்டு இழுபட்டு நகர்ந்தால் அது மோசமான டிரிகர். கண்ணாடிக் குச்சி ஒடிவது மாதிரி சட்டென்று விட்டால் நல்ல டிரிகர்.

இது ஏன் அவ்வளவு முக்கியம்? சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும். ஏர் பிஸ்டலின் முன் குறிமுள்ளுக்கும் பின் குறிக்கும் இடையே சுமார் 33 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரிகரை இழுக்கும்போது முன் குறிமுள் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டர் தள்ளி இருக்கும் இலக்கில் பெல்லட் சுமார் 3 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். 10 புள்ளி வட்டத்தின் மொத்த விட்டமே 11.5 மில்லிமீட்டர்தான். பத்து விழ வேண்டிய இடத்தில் ஏழு விழும்.

கை நடுங்குவதைவிட, விரல் டிரிகரைச் 'சுண்டுவது'தான் ஆரம்ப நிலையில் அதிகம் பாயின்ட் தின்னும். அதனால் டிரிகர் மேல் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் பாதி நேரம் குற்றவாளி டிரிகர் இல்லை, விரல்.

அரை லிட்டர் ஆவின் பாக்கெட் கணக்கு

வீடியோக்களில் அடிக்கடி கேட்கும் வார்த்தை 'லைட் டிரிகர்'. இழுக்கத் தேவையான எடை குறையக் குறைய நல்லது என்ற எண்ணம். போட்டிக்குப் போகிறவர்களுக்கு அங்கேயே ஒரு பூட்டு இருக்கிறது.

சர்வதேச துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதிப்படி 10 மீட்டர் ஏர் பிஸ்டலின் டிரிகர் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது. அதாவது அரை லிட்டர் ஆவின் பால் பாக்கெட்டைச் சுட்டுவிரலில் தொங்கவிட்டால் எவ்வளவு இழுக்குமோ, அவ்வளவாவது இருக்க வேண்டும். 25 மீட்டர் பிஸ்டலுக்கு இது 1000 கிராம். எங்கோ ஒருவர் வீடியோவில் அதைவிட லேசாக வைத்துச் சுடலாம், ஆனால் அதே பிஸ்டலை மாவட்டப் போட்டிக்குக் கொண்டுவந்தால் கருவிச் சோதனை மேசையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சோதனை முறை ரொம்ப எளிமையானது. பிஸ்டலின் குழலைச் செங்குத்தாகப் பிடித்து, டிரிகரில் அந்த எடையை மாட்டி, மேசையிலிருந்து மெதுவாகத் தூக்குவார்கள். டிரிகர் விடுபடாமல் எடை முழுதாக மேலே எழ வேண்டும். மூன்று முயற்சிகள் தருவார்கள். போட்டி முடிந்த பிறகும் சிலரைத் தேர்ந்தெடுத்து இதே சோதனையைச் செய்வார்கள். அதில் தோற்றால் தகுதி நீக்கம்தான். 60 ஷாட் உயிரைக் கொடுத்துச் சுட்டு, எடை சில கிராம் குறைந்ததற்காக வெறுங்கையோடு வீடு திரும்புவது எவ்வளவு கொடுமை!

அதனால்தான் அனுபவம் உள்ளவர்கள் மிகச் சரியாக 500-ல் வைப்பதில்லை. கொஞ்சம் கூடவே வைத்துக்கொள்கிறார்கள். ஸ்பிரிங் பழகப் பழகத் தளரும், உள்ளே எண்ணெயும் புழுதியும் சேர்ந்தால் எடை மாறும். சித்திரை மாதத்து மதுரைப் புழுதி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

டோக்கியோவில் என்ன ஆனது?

கருவி கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்திய ரசிகர்கள் மறக்க முடியாத உதாரணம் இதே மனு பாக்கர்தான். டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஜூலை 25 அன்று 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்று நடந்துகொண்டிருந்தபோது அவருடைய பிஸ்டல் பழுதானது. அடுத்த ஷாட்டுக்குத் தயார் செய்யும் லீவர் உடைந்துவிட்டதாக அணித் தரப்பு சொன்னது. மொத்தம் 75 நிமிடத்தில் 60 ஷாட் சுட வேண்டும். அதில் சுமார் 20 நிமிடம் ரிப்பேரிலேயே போய்விட்டது. திரும்பி வந்து வேகவேகமாகச் சுட்டு 575 எடுத்தார். 12-வது இடம். இறுதிச் சுற்றுக்குத் தேவைப்பட்டது 577.

இரண்டே பாயின்ட். மாற்று பிஸ்டலை எடுத்திருக்கலாமே என்று அப்போது பலர் கேட்டார்கள். கேட்க எளிது. கைப்பிடி, குறிமுள், டிரிகர் 'சுவர்' தட்டும் இடம் எல்லாம் இன்னொரு பிஸ்டலில் வேறு மாதிரி இருக்கும். மாதக்கணக்கில் ஒரே டிரிகரில் பழகிய விரலுக்கு அது புது வீட்டில் இருட்டில் ஸ்விட்ச் தேடுகிற கதை.

'கிட்' வாங்க நினைப்பவர்கள் யோசிக்க வேண்டியதும் இதைத்தான். டிரிகரை மாற்றினால் ஸ்கோர் உடனே ஏறாது, முதலில் இறங்கும். விரல் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். போட்டிக்கு ஒரு வாரம் முன்னால் டிரிகரில் கை வைப்பது பரீட்சைக்கு முந்தின நாள் பாடப்புத்தகத்தை மாற்றுவது மாதிரி.

சட்டம் என்ன சொல்கிறது?

இப்போது லைசென்ஸ் பிஸ்டலுக்கு வருவோம். இங்கே விஷயம் ஸ்கோர் இல்லை, சிறை.

1959-ம் ஆண்டு படைக்கலச் சட்டத்தில் 'ஆயுதம்' என்பதற்கான விளக்கத்திலேயே ஆயுதத்தின் பாகங்களும் சேர்கின்றன. பார்க்க ஒரு சின்ன இரும்புத் துண்டாக இருந்தாலும், பிஸ்டலுக்காகச் செய்த டிரிகர் பாகத்தைச் சட்டம் சைக்கிள் பெடல் மாதிரி பார்க்காது. அந்தச் சட்டத்தின் 10-வது பிரிவு, ஆயுதங்களை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர லைசென்ஸ் வேண்டும் என்கிறது. வெளிநாட்டு இணையதளத்தில் ஆர்டர் போட்டால் பார்சல் வீட்டுக்கு வருவதற்குள் சுங்கத் துறை மேசையைத் தாண்ட வேண்டும். அங்கே நின்றுவிட்டால் பெட்டியின் மேல் இருப்பது ஆர்டர் போட்டவரின் பெயரும் முகவரியும்தான்.

அதைவிடக் கடுமையானது 5-வது பிரிவு. துப்பாக்கியைத் தயாரிப்பது, விற்பது மட்டுமில்லை, மாற்றியமைப்பது, பழுதுபார்ப்பது, சோதிப்பது எல்லாவற்றுக்கும் அதற்கென்று தனி லைசென்ஸ் வேண்டும் என்று அது சொல்கிறது. துப்பாக்கி வைத்திருக்கும் லைசென்ஸ் வேறு, துப்பாக்கியில் வேலை செய்யும் லைசென்ஸ் வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் மாட்டிக்கொள்ளத்தான் அதிக வாய்ப்பு. 2019-ம் ஆண்டு கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு 5-வது பிரிவை மீறினால் குறைந்தபட்சம் 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை.

மதுரையில் இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. கே.புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைகள் தொடங்கி தெருமுனை வரை லேத் பட்டறைகள் நிறைந்த ஊர் இது. எந்தப் பாகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அளவெடுத்து, தேய்த்து, புதிதாகவே கடைந்து கொடுக்கும் கைத்திறன் இங்கே இருக்கிறது. மோட்டார் பம்புக்கும் டிராக்டருக்கும் அது வரம். "அண்ணே, இதை லேசா ராவிக் கொடுங்க" என்று துப்பாக்கிக் கொக்கியை நீட்டினால், கொடுத்தவரோடு சேர்ந்து, என்ன ஏது என்று தெரியாமல் வாங்கிக்கொண்ட பட்டறைக்காரரும் வழக்கில் சிக்குவார். அவருக்கு அந்த வேலையில் கிடைக்கப்போவது சில நூறு ரூபாய்.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. வீடியோக்களில் வரும் கிட்களில் பெரும்பாலானவை 9 மில்லிமீட்டர் பிஸ்டல்களுக்கானவை. இந்தியாவில் 9 மில்லிமீட்டர் என்பது தடை செய்யப்பட்ட ரகம், சாதாரணமாகப் பொதுமக்களுக்கு அதற்கு லைசென்ஸ் கிடைக்காது. இங்கே தற்காப்புக்கு லைசென்ஸ் வாங்கியவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் .32 ரகம். இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையின் 'அஷானி' பிஸ்டல் அந்த ரகம்தான். அமெரிக்க கிட் இதில் உட்காரவே உட்காராது. உட்கார வைக்க ராவினால், முன்னால் சொன்ன அந்த ஒரு மில்லிமீட்டர் விளிம்பு போய்விடும்.

அது போனால் என்ன ஆகும்? துப்பாக்கி கீழே விழுந்தால் வெடிக்கலாம். உறையிலிருந்து எடுக்கும்போது வெடிக்கலாம். குண்டு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. தேர்தல் நேரத்தில் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள் இல்லையா? ராவிய கொக்கியோடு ஒரு பிஸ்டல் அந்த மேசையில் கைமாறுவதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

லேசா இருந்தா ஆபத்து, கனமா இருந்தா?

அப்போ கனமான டிரிகர்தான் பாதுகாப்பா? அதிலும் ஒரு கதை இருக்கிறது. நியூயார்க் காவல்துறை பல ஆண்டுகளாகத் தன் போலீஸாருக்கு 12 பவுண்டு, அதாவது சுமார் 5.4 கிலோ இழுவிசை உள்ள பிஸ்டல்களைக் கொடுத்து வந்தது. பதற்றத்தில் தவறுதலாகச் சுட்டுவிடக் கூடாது என்பது நோக்கம். ஐந்தரை கிலோ அரிசிப் பையை ஒற்றை விரலால் இழுத்துக்கொண்டே குறி பார்ப்பது போலத்தான். விரல் கஷ்டப்பட்டு இழுக்கும்போது பிஸ்டலும் சேர்ந்து திரும்பும், குறி தப்பும். குறி தப்பிய குண்டு நெரிசலான தெருவில் யாரோ ஒருவர் மேல் படும். அந்தத் துறையின் துப்பாக்கிப் பயிற்சியை ஆராய்ந்து ராண்ட் நிறுவனம் 2008-ல் கொடுத்த அறிக்கையில், இழுவிசை குறைவான டிரிகரைச் சோதித்துப் பார்க்கலாம் என்று பரிந்துரை இருந்தது. 2021-ல்தான் புதிதாகச் சேர்பவர்களுக்கு லேசான டிரிகர் வந்தது.

இதற்கு நேர்மாறாக இன்னொன்று. அமெரிக்காவின் சிக் சாவர் நிறுவனத்தின் பி320 பிஸ்டல் குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் தானாக வெடிப்பதாக 2017-ல் சர்ச்சை எழுந்தது. அந்த நிறுவனம் ஆகஸ்ட் மாதம் இலவச மாற்றுத் திட்டத்தை அறிவித்தது. அதில் ஒரு முக்கியமான மாற்றம், டிரிகர் துண்டின் சொந்த எடையைக் குறைத்தது! காரணம், பிஸ்டல் விழுந்து தரையில் மோதும்போது கனமான டிரிகர் துண்டு தன் வேகத்திலேயே பின்னால் நகர்ந்துவிடும். துண்டு லேசாக இருந்தால் அப்படி நகராது. டிரிகர் துண்டின் எடை வேறு, அதை இழுக்கத் தேவையான எடை வேறு. வீடியோவில் இரண்டுக்கும் 'லைட்' என்ற ஒரே வார்த்தைதான். துப்பாக்கியைத் தயாரித்த நிறுவனமே தன் கணக்கில் சறுக்கிய இடம் இது. அதை வீட்டு மேசையில் சரிசெய்கிறேன் என்பவரை என்ன சொல்ல?

ஏர் பிஸ்டல் வைத்திருப்பவர்கள் என்ன செய்யலாம்?

படைக்கல விதிகள் 2016-ன்படி, 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் 4.5 மில்லிமீட்டருக்கு மிகாத துளையும் கொண்ட ஏர் துப்பாக்கிகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. போட்டிக்கான ஏர் பிஸ்டல் இந்த வரம்புக்கு வெகு கீழே. அரை கிராம் பெல்லட்டை நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் அனுப்பினால் ஆற்றல் 6 ஜூலைக்கூடத் தொடாது. ஆனால் லைசென்ஸ் இல்லை என்றால் எதை வேண்டுமானாலும் சுடலாம் என்று அர்த்தமில்லை. கண்மாய்க் கரையில் கொக்கையும் நாரையையும் குறி வைத்தால் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காத்திருக்கிறது. ஆற்றலைக் கூட்டுகிறேன் என்று கையை வைத்து 20 ஜூலைத் தாண்டினால் லைசென்ஸ் வளையத்துக்குள் வந்துவிடும்.

டிரிகர் விஷயத்தில் இவர்களுக்கு நல்ல செய்தி இருக்கிறது. போட்டிக்கென்றே செய்த ஏர் பிஸ்டல்களில் டிரிகரைச் சரிசெய்ய ஸ்க்ரூக்களை நிறுவனமே வைத்துத் தருகிறது. முதல் கட்டத்தின் நீளம், முதல் கட்டத்தின் எடை, இரண்டாம் கட்டத்தின் எடை, வெடித்த பிறகு டிரிகர் எங்கே நிற்க வேண்டும் என்பது வரை தனித்தனியாகத் திருத்தலாம். விரல் படும் துண்டையே முன்னும் பின்னும் நகர்த்தலாம், பக்கவாட்டில் திருப்பலாம். புதியவர்கள் எடையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது இந்தத் துண்டின் இடத்தைத்தான். சுட்டுவிரலின் முதல் கணுவின் நடுச்சதை டிரிகரில் படிய வேண்டும், விரலின் மீதிப் பகுதி கைப்பிடியைத் தொடக் கூடாது. விரல் சின்னதாக இருக்கிறவருக்குத் துண்டு தூரமாக இருந்தால், இழுக்கும்போதெல்லாம் பிஸ்டல் ஒரு பக்கமாகத் திரும்பும். அவர் லேசான டிரிகரைத் தேடுவார், தேவைப்பட்டதோ நாலு மில்லிமீட்டர் நகர்த்தல்.

எந்த ஸ்க்ரூ எதற்கு என்பது ஒவ்வொரு பிஸ்டலுக்கும் மாறும், அதைக் கையேட்டில் பார்த்துத்தான் செய்ய வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு ஸ்க்ரூ, கால் சுற்று. திருகும் முன் அது இருந்த நிலையைப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டால் குழப்பம் வராது. சிலிண்டரில் காற்று இருக்கக் கூடாது, குழலில் பெல்லட் இருக்கக் கூடாது. முடித்ததும் பயிற்சியாளரிடம் கொடுத்து எடை போட்டுப் பார்க்க வேண்டும். மதுரை ரைபிள் கிளப் போன்ற பதிவு பெற்ற கிளப்களில் உறுப்பினராக இருப்பதில் உள்ள பெரிய லாபம் இதுதான்: இந்த வேலையைப் பத்து வருடமாகச் செய்த கை அங்கே பக்கத்திலேயே இருக்கும்.

பழைய மெக்கானிக்கல் டிரிகரிலிருந்து எலெக்ட்ரானிக் டிரிகருக்குப் போகலாமா என்பது அடுத்த கேள்வி. சுவிட்சர்லாந்தின் மொரினி போன்ற நிறுவனங்கள் பேட்டரியில் இயங்கும் டிரிகரோடு பிஸ்டல்களைச் செய்கின்றன. கொக்கி உராய்வு இல்லாததால் ஒவ்வொரு ஷாட்டும் ஒரே மாதிரி விடுபடும். ஆனால் இது கிட் வாங்கி மாட்டுகிற விஷயமில்லை, பிஸ்டலையே மாற்றுகிற விஷயம். செலவும் அதற்கேற்ப. மாநிலப் போட்டி அளவில் ஸ்கோர் வந்த பிறகு யோசித்தால் போதும். மதுரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேட்டரியோ சர்க்யூட்டோ போனால் எங்கே கொண்டுபோவது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

செலவே இல்லாத அப்கிரேடு ஒன்றும் இருக்கிறது. பெல்லட் போடாமல், வெள்ளைச் சுவரைப் பார்த்து, குறிமுள் அசையாமல் டிரிகரை மட்டும் இழுத்துப் பழகுவது. ஒலிம்பிக் வீரர்களும் தினமும் செய்கிற பயிற்சி இது. சுவரில் இலக்கு இல்லாததால் கண் முழுக்கக் குறிமுள்ளில் இருக்கும், விரல் சுண்டினால் அந்த நொடியே தெரிந்துவிடும். பெரும்பாலான போட்டி பிஸ்டல்களில் இதற்கென்றே ஒரு சின்ன பட்டன் உண்டு. அது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் கையேட்டிலேயே இருக்கிறது.